மூன்றாவது குழந்தை வரும் வேளையில் பழைய பெட்ரோல் வண்டி

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. இன்னும் நான்கு மாதங்களில் மூன்றாவது குழந்தை பிறக்கவிருக்கிறது. மாமியாரும் எங்களுடன்தான் இருக்கிறார். இப்போதுள்ள சிறிய காரில் இனி எல்லோரும் சேர்ந்து போக முடியாது. ஏழு பேர் அமரும் பெட்ரோல் வண்டிகள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறோம்; இரண்டுக்கும் வயது பன்னிரண்டு. ஒன்று 80,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது, ஆனால் சர்வீஸ் செய்ததற்கு ஒரு ரசீதும் இல்லை. மற்றொன்று 1,60,000 கிலோமீட்டர் ஓடியது, ரசீதுகள் முழுமையாக உள்ளன. எதை வாங்குவது? டீசல் வண்டி தேடலாமா?

பதில்: நம்பகமான மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்னால், நான் இரண்டாவது வண்டியைத்தான் எடுப்பேன். கிலோமீட்டர் மீட்டரைத் திருத்த முடியும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த ரசீதுக் கட்டைப் போலியாகத் தயாரிப்பது அவ்வளவு எளிதல்ல. 80,000 என்று காட்டும் வண்டியில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் கிழிந்திருந்தால், அந்த எண்ணை நம்ப வேண்டாம். எண் உண்மையாகவே இருந்தாலும், ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் குழாய்களும் டயர்களும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும்.

ரசீதுகளில் முதலில் தேட வேண்டியது, என்ஜினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய விவரம். பெல்ட் உள்ள என்ஜின்களுக்குத் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு வரம்புகள் வைப்பது வழக்கம். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அது அறுந்தால், பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி, பழைய வண்டியின் விலைக்கு நிகரான செலவை இழுத்துவிடும். பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருக்கும் என்ஜின் என்றால், காலத்தில் ஆயில் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் சில நொடிகள் சலசலவென்று சத்தம் வந்தால் செயினோ அதை இறுக்கிப் பிடிக்கும் பாகமோ தேய்ந்திருக்கக்கூடும்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தது போன்ற பசை ஒட்டியிருந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். குறுகிய தூரமே ஓடும் வண்டியிலும் ஈரத்தால் இப்படி வருவதுண்டு என்பதால், கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை இனிப்பு வாடையோடு நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. சாவியைத் திருப்பியதும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க அதைச் செயலிழக்கச் செய்திருக்கலாம்.

டீசலைப் பொறுத்தவரை, பள்ளி, கடை என்று குறுகிய தூரமே ஓட்டுவீர்கள் என்றால் வேண்டாம். சற்றுப் புதிய டீசல் வண்டிகளின் புகை வடிகட்டி, தொடர்ந்து சூடாக ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், இல்லையெனில் அடைத்துக்கொள்ளும். ஆறு பேரை ஏற்றிய பெட்ரோல் வண்டி எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், உண்மைதான். நாள்தோறும் நெடுந்தூரம் போவதாக இருந்தால் மட்டும் டீசலை யோசியுங்கள்.

என்ஜினைவிட எனக்குக் கவலை தருவது இருக்கைகள். உங்கள் குழந்தை இருக்கைகளையும் தள்ளுவண்டியையும் மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். குழந்தை இருக்கையை வண்டியோடு நேராகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் நடு வரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கும். அவ்விரு இடங்களிலும் குழந்தை இருக்கைகளை மாட்டிவிட்டால், பல வண்டிகளில் நடு வரிசை இருக்கைகளை முன்னால் சாய்க்க முடியாது. பின்வரிசைக்குப் போக வழி அடைபட்டுவிடும். நடுவில் வழி விட்டுத் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் உள்ள வண்டி கிடைத்தால், உங்கள் ஆறு பேருக்கு அதுவே பொருத்தம்: கைக்குழந்தையும் மகனும் நடுவில், மகள் உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையோடு பின்னால் உங்களில் ஒருவருடன், முழங்காலை அதிகம் மடக்க வேண்டியிராதபடி மாமியார் முன்னால். பின்வரிசையில் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் கட்டாயம் இருக்க வேண்டும். ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

பின்வரிசையை நிமிர்த்தி வைத்தபடியே தள்ளுவண்டியை டிக்கியில் வைத்துப் பாருங்கள். பலர் வாங்கிய பிறகுதான் இடம் இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். பின்பக்க ஏசியை ஓடவிட்டு, அங்கே அமர்ந்து குளிர்ச்சி வருகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அதற்குப் போகும் நீண்ட குழாய்கள் அரித்துக் கசிவது பழைய வண்டிகளில் நடக்கும். டயரின் பக்கத்தில் 2319 என்பதுபோல் நான்கு இலக்கங்கள் இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாமல், முதல் ஆண்டுப் பழுதுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். இரண்டாவது வண்டியில் பெல்ட் மாற்றிய ரசீது இல்லை என்றால், மாற்றும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை விலையில் கழித்துத் தரச் சொல்லுங்கள்.