கடலூரிலிருந்து பனியாறு பார்க்கப் போக முடியுமா?

மலையேறிப் பழக்கமில்லாத குடும்பம் பனியாறு (மலையில் மெல்ல நகரும் பெரும் பனித்திரள்), அருவி, காட்டுப்பாதை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உத்தராகண்டில் குமாவுன் பக்கம் உள்ள பிண்டாரி பனியாற்றுக்குப் போங்கள். கயிறு கட்டி ஏறும் வேலை இல்லை, நடைதான். டெல்லியிலிருந்து காத்கோதாம் வரை ரயில், அப்புறம் பாகேஷ்வர் வழியாக ஜீப்.

காத்திதான் வழியில் கடைசி ஊர். அதன்பின் காடு; அந்தப் பனியாற்றிலிருந்து உருகி வரும் பிண்டர் ஆறு கூடவே வரும். துவாலியில் கஃப்னி ஆறு வந்து சேர்கிறது. மேலே போகப் போக மரங்கள் குறைந்து புல்வெளி விரியும், சரிவுகளில் அருவிகள் தெரியும். ஆற்றை நின்று கவனியுங்கள். தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்திருக்கும். பனி நகரும்போது அடியில் உள்ள பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவுதான் அது.

மே, ஜூன் தொடக்கம், அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், மண்சரிவு வரும்.

கடல் மட்டத்தில் வாழும் நமக்கு 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல் வரலாம். வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். பயிற்சிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலை போதாது, அது சமதரை. செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் முதுகுப் பையோடு ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் வலிமை தெரியும்.