மகன் போட்ட கணக்கும் டயர் போடும் கணக்கும்

கேள்வி: பெங்களூரு கே.ஆர். புரத்தில் இருக்கிறோம். மகன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டே சக்கரத்தில் ஓடும் வீடியோக்களை ராத்திரி பகலாகப் பார்க்கிறான். இன்னும் வீடு வராத ஒரு லேஅவுட்டில், வெல்டிங் கடையில் சாய்தளம் ஒன்று செய்து வைத்து, எங்கள் காம்பாக்ட் எஸ்யூவியிலேயே முயன்று பார்க்கலாம் என்கிறான். “சைக்கிள் மாதிரிதான்பா, எல்லாம் பேலன்ஸ்” என்கிறான். நம் வண்டியில் இது நடக்குமா? வண்டிக்கு என்ன ஆகும்? இன்சூரன்ஸ் வருமா? இன்னொன்று, போன வாரம் வண்டி கழுவும்போது இடது முன் டயரின் பக்கவாட்டில் எழுத்துகள் தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். ஏற்கெனவே முயன்றுவிட்டானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தேய்ந்த எழுத்துக்குக் கடைசியில் வருகிறேன். இடையில் உள்ளதைப் படித்தால்தான் அந்தத் தடயத்தை எப்படிப் பார்ப்பது என்று புரியும்.

உங்கள் மகன் சொல்வது இயற்பியலில் சரி. அவனிடம் “அதெல்லாம் கிராபிக்ஸ்டா” என்று ஆரம்பித்துவிடாதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 1989-இல் ஸ்வீடனில் பெங்த் நோர்பெரி என்பவர் ஒரு மிட்சுபிஷி கோல்ட் காரை இரண்டு பக்கச் சக்கரத்தில் நிறுத்தாமல் 310 கிலோமீட்டர் ஓட்டினார். ஏழேகால் மணி நேரம். 2016-இல் பின்லாந்தில் வேசா கிவிமாக்கி ஒரு பிஎம்டபிள்யூவை இதே மாதிரி சாய்த்துக்கொண்டு மணிக்கு 186 கி.மீ. தொட்டார். நம்மூர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. சென்னை ஆட்டோக்காரர் ஒருவர் 2011-இல் ஆட்டோவைச் சாய்த்தபடியே 2.2 கி.மீ. ஓட்டி கின்னஸில் இடம் பிடித்தார். ஆக, முடியும். எந்த வண்டியில், எந்த டயரில், யாரால் என்பதுதான் விஷயம்.

கணக்கு எளிது. காரின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை கார் கவிழும் வாய்ப்பை மதிப்பிட இந்த எண்ணைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. எண் குறையக் குறைய வண்டி கவிழ்வது எளிது. சாதாரணக் கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை, எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை வரும். உங்கள் வண்டிக்குச் சக்கர அகலம் ஒன்றரை மீட்டர், எடை மையம் 65 செ.மீ. உயரத்தில் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். 75-ஐ 65-ஆல் வகுத்தால் 1.15. அந்த எண்ணுக்குரிய கோணம் ஏறக்குறைய 49 டிகிரி. அந்தச் சாய்வில் எடை மையம் சரியாக டயருக்கு நேர் மேலே வந்து நிற்கும். வீடியோவில் மிதப்பதுபோல் தெரிவது அந்த நிலைதான். அப்போது தூக்கிய பக்கச் சக்கரங்கள் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே இருக்கும்.

அந்த இடத்தில் காரை நிறுத்தி வைப்பது ஸ்டீயரிங்தான். இடது சக்கரங்களில் ஓடுகிறது, கூரை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். டயர்கள் வண்டிக்கு அடியில் ஓடிப்போய்த் தாங்கும். வலப்பக்கம் இறங்கப் பார்த்தால் வலப்பக்கம். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி விளையாடியிருப்போமே, அது எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவோம், அதே வேலை. சைக்கிளும் இப்படித்தான். இதுவரை தம்பி பாஸ்.

அவன் கணக்கில் விட்டது நேரம். சமநிலையிலிருந்து ஒரு டிகிரி விலகினால், இந்த அளவுள்ள கார் ஏறக்குறைய கால் நொடிக்கு ஒருமுறை அந்த விலகலை இரட்டிப்பாக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், ஒரு நொடி முடியும்போது பதினாறு. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசையவே ஒரு கால் நொடி போய்விடும், அதுவும் எதிர்பார்த்துக் காத்திருப்பவனுக்கு. பயந்தவனுக்கு ஒரு நொடிக்கு மேல். சைக்கிளில் தவறினால் கால் ஊன்றுவோம். 1,300 கிலோவுக்கு எந்தக் காலை ஊன்றுவது?

வேகமும் கையைக் கட்டும். ஸ்டீயரிங்கை ஒரே அளவு திருப்பினாலும் கிடைக்கும் பக்கவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40-இல் கிடைத்த விசை 28-இல் பாதி. நோர்பெரியின் சராசரியைக் கணக்குப் போட்டால் மணிக்கு 43 கி.மீ.கூட இல்லை, ஓட்டியது குதிரைப் பந்தயத் திடலில். மெதுவாக, சீராக ஓட்டுவதுதான் இதில் வித்தை. அந்தச் சீரான வேகம் உங்கள் வண்டியில் கிடைக்காது. காரணம் டிஃப்ரன்ஷியல், அதாவது இன்ஜின் சக்தியை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு.

நம் கார்களில் உள்ள சாதாரண டிஃப்ரன்ஷியல், எந்தச் சக்கரத்துக்குத் தடை குறைவோ அதைச் சுற்றவிட்டுவிடும். மழைக்காலத்தில் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் வீணாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் காற்றில் தொங்கினால் அதே கதை. ஆக்சிலேட்டரை மிதித்தால் மேலே உள்ள சக்கரம் விர்ரென்று சுற்றும், தரையில் உள்ளதற்கு எதுவும் போகாது. வேகம் குறையும், வேகம் குறைந்தால் ஸ்டீயரிங்கின் பிடி போகும், வண்டி விழும். இதனால்தான் சாகசக்காரர்கள் டிஃப்ரன்ஷியலை வெல்ட் வைத்தோ பூட்டியோ விடுகிறார்கள். அப்படிச் செய்த வண்டியைச் சில்க் போர்டு சிக்னலில் ஒரு யூ-டர்ன் எடுத்துப் பாருங்கள், டயர் கதறுவது மடிவாளா வரை கேட்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் ஒப்புக்கொள்ளாது.

“நம் வண்டியில் டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கே, அது காற்றில் சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடிக்கும்” என்று தம்பி எதிர்க்கேள்வி போடலாம். நல்ல கேள்விதான். ஆனால் அதே கம்ப்யூட்டரில் வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் இஎஸ்சியும் இருக்கிறது. வண்டி கவிழப் போகிறது என்று அது நினைத்தால் இன்ஜின் சக்தியைக் குறைக்கும், தனக்குத் தோன்றிய சக்கரத்தில் பிரேக் போடும். கவிழ்வதை உணரும் சென்சார் இருக்கிற வண்டியானால் பக்கவாட்டு ஏர்பேக் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வெடிக்கலாம். நம் கைக்கும் காருக்கும் நடுவில் இன்னொரு டிரைவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டயர், என் பயமே இதில்தான். உங்கள் டயரில் ‘215/60 ஆர்16 95’ என்பதுபோல் ஒன்று அச்சிட்டிருக்கும். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 1,300 கிலோ வண்டி இரண்டு டயரில் நின்றால் ஆளுக்கு 650, தாங்கிவிடுமே என்று தோன்றும். ஆனால் இன்ஜின் முன்னால் இருப்பதால் எடையில் அறுபது சதவீதம் முன் டயரில் விழும். அதாவது 780 கிலோ. அந்த 690-உம் டயர் நேராக நிற்கும்போதுதான். சாய்ந்த காரில் ஓடுவது டயரின் ஓரமும் பக்கச் சுவரும். ஜே.சி. ரோட்டுப் பக்கம் பழைய டயரை வெட்டிப் போட்டிருப்பார்கள், ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். தரையில் படும் பகுதியில் எஃகுக் கம்பி வலை, அதன் மேல் தடித்த ரப்பர். பக்கச் சுவரில் வெறும் நூல் அடுக்கும் மெல்லிய ரப்பரும், விரலால் அழுத்தினாலே வளையும். அதன் மேல் முக்கால் டன்னை ஏற்றி, சின்ன ஜல்லி கிடக்கும் லேஅவுட் ரோட்டில் ஓட்டினால் கிழியலாம். கிழியாவிட்டாலும் விளிம்பு ரிம்மிலிருந்து விலகி, ஒரே மூச்சில் காற்று முழுக்க இறங்கலாம். சாகசக்காரர்கள் தரைப் பக்க டயர்களில் காற்றை மிக அதிகமாக ஏற்றிக்கொள்வது இதற்காகத்தான். கிவிமாக்கி ஓட்டிய டயரின் பக்கச் சுவரில், புல்லட் புரூஃப் சட்டையில் போடும் அராமிட் இழை இருந்தது.

சரி, எதுவும் கிழியாமல் நல்லபடியாக இறங்கிவிட்டது என்றே வைப்போம். 49 டிகிரியில் எடை மையம் இருந்த இடத்துக்கும் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது இருக்கும் இடத்துக்கும் 34 செ.மீ. வித்தியாசம். மொத்தக் காரையும் ஒரு அடிக்கு மேல் தூக்கிக் கீழே போட்டதற்குச் சமம், அதுவும் ஒரே பக்கத்து இரண்டு சஸ்பென்ஷன் மேல். பீன்யாவில் எங்கள் பட்டறைக்கு இப்படி ஒரு வண்டி வந்தது. கல்யாண வீட்டில் பையன்கள் மண்மேட்டில் ஒரு பக்கத்தை ஏற்றி, நாலைந்து மீட்டர் சாய்த்து ஓட்டியிருக்கிறார்கள். வெளியே ஒரு கீறல் இல்லை. கழற்றிப் பெஞ்சில் வைத்தால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. அதன் முனையில் உள்ள பால் ஜாயிண்ட்டைக் கையால் ஆட்டினால் லொடலொடவென்றது. அந்த நிலையில் அவர்கள் வண்டியை ஓசூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பியிருந்தார்கள்! இன்ஜினையும் மறக்கக் கூடாது. சாய்வில், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு ஓரமாக ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங்குகள் காயும். அந்தச் சேதம் அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துச் சத்தமாக வரும்.

இன்சூரன்ஸ், சட்டம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று எழுதியிருக்கும். வண்டியைச் சேதமாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உங்களுடையது என்றிருக்கும். வெல்டிங் கடைச் சாய்தளத்தைப் பார்த்துவிட்டு எந்த சர்வேயரும் ‘விபத்து’ என்று எழுத மாட்டார். வீடு வராத லேஅவுட் என்பதால் தப்பிக்கவும் முடியாது. பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த இடமும் சட்டப்படி பொது இடம்தான். ஆபத்தாக ஓட்டுவதற்கான 184-ஆம் பிரிவில் முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைக் கேட்டுச் சிரிப்பான். கேம்பஸ் வேலை கிடைத்த கையோடு போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஆள் வருவார் என்பதைச் சொல்லுங்கள், சிரிப்பு நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பெங்களூருத் தமிழர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, கேட்காமலே வண்டி இரண்டு சக்கரத்தில் எழும்பும் வாய்ப்பு இருக்கிறது. சுத்தமான தார் ரோட்டில், வெறும் திருப்பத்தில், கார் எழும்புவது அபூர்வம். 15 மீட்டர் ஆர வளைவில் உங்கள் வண்டி எழும்ப 47 கி.மீ. வேகம் வேண்டும், ஆனால் டயர் 39-லேயே வழுக்கிவிடும். அதனால்தான் சாகசக்காரனுக்கே சாய்தளம் தேவைப்படுகிறது. நமக்கு அந்தச் சாய்தளத்தை ரோடே செய்து வைத்திருக்கிறது. வழுக்கிப் போகும் வண்டியின் சக்கரம் மீடியன் கல்லிலோ, ரோட்டோர மண்ணிலோ, பள்ளத்திலோ தட்டினால் கவிழும். வேறு வண்டி மோதாமல் கவிழும் கார்களில் 95 சதவீதம் இப்படித் தட்டித்தான் கவிழ்கின்றன என்று அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. கூரையில் கேரியர் போட்டு 75 கிலோ மூட்டை ஏற்றினால் உங்கள் 1.15 ஏறக்குறைய 1.05-க்கு இறங்கிவிடும். அந்த மூட்டையோடு தொப்பூர் கணவாயில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். கனமானதை டிக்கியில் கீழே வையுங்கள், மேலே தலையணையும் பாயும் போதும்.

அப்படியும் ஒரு பக்கம் எழும்பிவிட்டால்? கூரை எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்புங்கள். வலது திருப்பத்தில் வலச் சக்கரம் எழும்பினால், இடப்பக்கமாக நேராக்குவது. கை இதற்கு எதிராகத்தான் போகப் பார்க்கும், விழும் பக்கத்திலிருந்து தப்பிக்க இன்னும் வலப்பக்கம் ஒடிக்கும். அதுதான் கவிழ்க்கும். சீட் பெல்ட் பின்சீட்டுக்கும் சேர்த்துத்தான். கவிழும் காரில் பெல்ட் போடாதவர் வண்டிக்குள்ளேயே இருப்பார் என்று நம்ப முடியாது.

தம்பிக்கு உண்மையிலேயே கார் கட்டுப்பாட்டில் ஆர்வம் இருந்தால் அதை அணைக்க வேண்டாம். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னை இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிராக் இருக்கிறது. கார்ட்டிங்கில் ஆரம்பிக்கட்டும். ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் வழுக்கிப் பழகுவது வேறு. போன் பிடித்துக்கொண்டு நண்பன் நிற்கும் லேஅவுட் வேறு. சாயும் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓட்டுபவனுக்கே தெரியாது, அந்த நண்பனுக்கு எப்படித் தெரியும்?

இப்போது உங்கள் டயர். எழுத்து தேய்ந்ததும் பயப்பட வேண்டாம், நம்மூரில் பாதிக் கார்களின் இடது டயர் பிளாட்பாரக் கல்லில் உரசியதுதான். அப்படி உரசினால் தேய்வு ஒரு சாண் நீளத்துக்கு, ஒரே இடத்தில் இருக்கும், பக்கத்தில் ரிம்மிலும் கீறல் இருக்கும். பகலில் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளி டயரை ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். தேய்வு வளையம்போல் சுற்றிலும் ஒரே சீராக இருந்து, ரிம்மில் கீறல் இல்லாமல், பின்பக்க இடது டயரிலும் அதே உயரத்தில் அதே வளையம் தெரிந்தால், மகனைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதுதான். காற்று குறைவாக ஓட்டினாலும் சுற்றிலும் தேயும், ஆனால் அது டயரின் இரண்டு ஓரத்திலும் தெரியும், வெளிப்பக்கம் மட்டும் இருக்காது. நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் கவனியுங்கள். அலைன்மென்ட்டோடு விடாமல், லிஃப்டில் ஏற்றி இரண்டு பக்க லோயர் ஆர்மையும் பால் ஜாயிண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் கொப்புளம்போல் எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், அந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.