சிட்டியில இருந்துக்கிட்டே பறவை, பூச்சி, மரம் எல்லாம் பாத்துப் பழக எங்க ஆரம்பிக்கணும்?

கேட்டவர் சென்னையில வேலை பாக்குறவர், லீவுல மசினகுடி போயிட்டு வந்ததுல இருந்து இயற்கையோட ஒட்டி இருக்கணும்னு ஆசையா இருக்கு, ஆனா எது என்ன மரம் என்ன குருவின்னே தெரியல, எதாவது கோர்ஸ் இருக்கான்னு கேக்குறார்.

கோர்ஸ் அப்புறம் பாத்துக்கலாம், காட்டுக்குப் போறதையும் கொஞ்சம் தள்ளி வைங்க. வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரே ஒரு இடம் புடிங்க. பார்க் பெஞ்ச், ஏரிக்கரை, மொட்டை மாடி, எதுவா இருந்தாலும் சரி. காலையில வெளிச்சம் வந்ததும் அங்க போய் போன சைலண்ட்ல போட்டுட்டு சும்மா உக்காருங்க. மறுநாளும் அதே இடம். இடத்த மாத்தாம இருக்குறதுதான் முக்கியம், ஏன்னா அப்பதான் நேத்துக்கும் இன்னைக்கும் என்ன மாறியிருக்குன்னு தெரியும், டூர் போற எடத்துல அது தெரியவே தெரியாது.

நான் இருக்குறது தாம்பரம் பக்கம், ஏரிக்கரையில ஒரு புங்க மரத்தடிதான் என்னோட இடம். மாசி பங்குனி வாக்குல அந்த மரம் இலையெல்லாம் கொட்டிட்டு உடனே தளுத்துடும், அப்புறம் பூக்க ஆரம்பிச்சா தரை முழுக்க பொரி எறைச்ச மாதிரி கெடக்கும், மேல தேனீ சத்தம் மட்டும்தான் கேக்கும். அதே சமயத்துல தண்ணி ஓரமா நிக்கிற மடையான்ற சின்னக் கொக்கு இருக்கே, மத்த மாசமெல்லாம் சேத்து கலர்ல நிக்கிறதே தெரியாது, வெயில் காலம் வந்தா முதுகு அப்படியே கருஞ்சிவப்பா மாறிடும், இனப்பெருக்கத்துக்கு ரெடி ஆகுதுன்னு அர்த்தம். குயில் கத்த ஆரம்பிக்கும். நீட்டி கூகூன்னு கூவுறது கருப்பா இருக்குற ஆண், கிக் கிக்னு வேகமா கத்துறது பழுப்புல வெள்ளப் புள்ளி போட்ட பெண். காக்கா ஏன் இதுங்கள வெறட்டுதுன்னா, முட்டை போடுறது காக்கா கூட்டுலயாச்சே.

பேர் தெரியலன்னு கவலைப்படாதீங்க. என்ன திங்குது, யாரோட சண்ட போடுது, எந்த உயரத்துல உக்காருது, இத மட்டும் ஒரு நோட்டுல எழுதுங்க, கோணலா இருந்தாலும் ஒரு படம் வரைஞ்சு பாருங்க, வரையும்போதுதான் மூக்கு எவ்ளோ நீளம், கண்ணுக்கு மேல கோடு இருந்துச்சான்னு கவனிக்கவே தோணும். பேருக்கு மெர்லின் ஆப் இருக்கு, சத்தத்த வச்சே சொல்லும், ஆனா அது சொல்றத கண்ணால பாத்து உறுதி பண்ணிக்கோங்க. பைனாகுலர் வாங்குறதா இருந்தா 8x42 போதும் (8 மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.), 10 மடங்குன்னு போனா கை நடுக்கமும் சேந்து பெருசா தெரியும்.

அடுத்தது காது. எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது. அணில் ஒரே எடத்துல உக்காந்து வால ஆட்டிக்கிட்டு விடாம கத்துதா, தவிட்டுக் குருவிங்க கூட்டமா சேந்து கீழ பாத்துக் கத்துதா, அங்க பூனையோ பாம்போ இருக்க நெறைய சான்ஸ் இருக்கு. கத்திட்டிருந்த எல்லாம் திடீர்னு அடங்கி புதருக்குள்ள போச்சுன்னா வானத்தப் பாருங்க, வல்லூறு போயிட்டிருக்கலாம். இது புரிய ஆரம்பிச்ச அப்புறம் தெருவுல நடக்குறதே வேற மாதிரி ஆயிடும்.

தரையும் பாருங்க. மழை படாத தூள் மண்ணுல புனல் மாதிரி சின்னக் குழி இருந்தா அடியில குழியானைன்ற பூச்சி எறும்புக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். எலுமிச்சை, கறிவேப்பிலை இலையில பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தா நல்லா பாருங்க, பட்டாம்பூச்சிப் புழுவா இருக்கும்.

இப்படி தரையப் பாத்து தடம் கண்டுபுடிக்கிற வித்தைய யார்கிட்ட பாக்கணும்னா, பாம்பு புடிக்கிறதுல பேர் போன இருளர் பழங்குடி மக்கள்கிட்ட. ஈசிஆர்ல வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ள 1978ல ஆரம்பிச்ச அவங்க கூட்டுறவு சங்கம் இருக்கு, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுலயும் விஷம் எடுத்து விஷமுறிவு மருந்துக்குக் குடுக்குறாங்க. அவங்கள்ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேரையும் 2017ல ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க பெருகிப் போன பர்மிய மலைப்பாம்ப புடிக்கிறதுக்கு. அதுவரைக்கும் பாத்தே இராத சதுப்பு நிலத்துல தடம், எச்சம், உரிச்ச சட்டை இதெல்லாம் பாத்து முதல் எட்டு நாள்லயே 13 பாம்பு புடிச்சாங்க, 2023ல பத்மஸ்ரீ கெடச்சுது. சின்ன வயசுல இருந்து அப்பா அம்மா கூட நடந்து நடந்து வந்த அறிவு அது. நம்ம ஊர் ஆடு மேய்க்கிறவங்க, ஏரியில மீன் புடிக்கிறவங்க கிட்டயும் பேச்சுக் குடுங்க, ஒரு செடிய காட்டி இது என்னன்னு கேட்டா அத எந்த ஆடு திங்காதுன்றது வரைக்கும் சொல்லுவாங்க. பாம்ப நீங்க தொட வேணாம், தள்ளி நின்னு பாத்தா போதும்.

இன்னொண்ணு, கூடு கண்ணுல பட்டா போட்டோ எடுக்க கிட்ட போகாதீங்க. தாய்ப்பறவை எழுந்து போயிடும், வெயில்ல முட்டை காயும், காக்காவும் பாத்துடும்.

தனியா போர் அடிச்சா பொங்கல் சமயத்துல வாங்க. 2015ல இருந்து வருஷா வருஷம் தமிழ்நாடு முழுக்க பொங்கல் நாள் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, குறைஞ்சது 15 நிமிஷம் ஒரு எடத்துல நின்னு பாத்ததெல்லாம் இபேர்டுன்ற (eBird) பறவைப் பதிவு வெப்சைட்டுல ஏத்தணும், அவ்ளோதான். காக்கா, மைனா, புறா மட்டும் இருந்தாலும் அதையும் தயங்காம ஏத்துங்க, அந்தக் கணக்கும் கணக்கெடுப்பு நடத்துறவங்களுக்கு வேணும்.