வாகன வினா விடை: டீசலில் ஓடும் சொகுசு

இம்மாதம் நம் மலேசிய வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, டீசல் கார்களைப் பற்றியவை. ஐந்தும் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (பாயான் லெப்பாஸ் வாசகர்): ஐயா, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டீசல் கார்கள் ஆண்டுக்கணக்கில் வென்றதாகப் படித்திருக்கிறேன். அவ்வளவு வலிமையுள்ள எஞ்சினை வைத்து முழுமையான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஏன் எவரும் விற்கவில்லை? இனியாவது வருமா?

பதில்: வராது என்றே நினைக்கிறேன். தாங்கள் படித்தது உண்மைதான். 2006-ஆம் ஆண்டு, ஆடி (Audi) நிறுவனத்தின் ஆர்10 டிடிஐ, லெ மானில் வென்ற முதல் டீசல் கார் என்ற பெயரைப் பெற்றது. அன்று தொடங்கி 2014 வரை ஒன்பது ஆண்டுகளும் வெற்றி டீசலுக்கே கிடைத்தது. 2009-இல் மட்டும் அது ஆடியின் கையை விட்டு பெஜோ 908-க்குப் போனது. 2012 முதல் வென்ற ஆடி ஆர்18 கார்களில் டீசலோடு மின்மோட்டாரும் சேர்ந்திருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஆனால் அந்த வெற்றிகளில் விதிமுறைக்கும் பங்கு உண்டு. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பொருத்திய பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவு 4 லிட்டரைத் தாண்டக் கூடாது என்றிருந்த காலத்தில், டர்போ டீசலுக்கு 5.5 லிட்டர் வரை அனுமதி இருந்தது. மேலும், ஓர் இரவும் ஒரு பகலும் இடைவிடாமல் ஓடும் பந்தயத்தில், எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும் எஞ்சினுக்கு இயல்பாகவே ஆதாயம் அதிகம். நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கெந்திங் மலைக்கு ஓட்டிச் செல்லும் காரிடம் எதிர்பார்ப்பது வேறு.

ஆடி நிறுவனமே இதை முயன்று பார்த்தது. 2008-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் ஆர்8 காரில் 6 லிட்டர் வி12 டீசல் எஞ்சினைப் பொருத்திக் காட்டியது. 500 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (எஞ்சின் தன் தண்டைத் திருகும் வலு). அடுத்த ஆண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எஞ்சின் குடும்பம் க்யூ7 என்ற கனத்த எஸ்யூவியில் மட்டும் சில காலம் விற்பனையில் இருந்தது. அதற்காக டீசல் ஸ்போர்ட்ஸ் கார் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆடி டிடி, மெர்சிடிஸ் எஸ்எல்கே போன்ற சிறு கார்கள் ஐரோப்பாவில் டீசலோடும் விற்றன. அவற்றை வாங்கியவர்களுக்கு அழகும் வேண்டும், பெட்ரோல் நிலையத்தில் சிக்கனமும் வேண்டும். உயிர்த்துடிப்பான ஓட்டத்தைத் தேடியவர்கள் அவற்றின் பக்கம் போகவில்லை.

காரணத்தை ஒரு சிறு கணக்கில் காட்டிவிடலாம். முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். 620 நியூட்டன் மீட்டர் தரும் டீசல், 2,000 சுழற்சியில் ஏறத்தாழ 130 கிலோவாட் தருகிறது. 400 நியூட்டன் மீட்டர் மட்டுமே தரும் பெட்ரோல் எஞ்சின், 6,500 சுழற்சியில் 272 கிலோவாட் தருகிறது. டீசலில் எரிபொருள் காற்றோடு கலந்து எரிவதற்கு நேரம் பிடிப்பதால், 5,000 சுழற்சிக்கு மேல் அதை விரட்டுவது வீண் வேலை. அதிக அழுத்தத்தைத் தாங்குவதற்காக எஞ்சினின் உடலும் கனக்கிறது. அந்தக் கனம் முன்சக்கரங்களின் மேல் உட்கார்ந்துகொண்டு வளைவுகளில் காரை வெளியே இழுக்கிறது. ஓசையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். காலை ஏழு மணிக்கு நாசி லெமாக் வாங்க வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் பிக்கப் லாரியைக் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி (செந்தூல் வாசகர்): ஏழு, எட்டு ஆண்டு பழைய ஜெர்மானிய டீசல் சலூன் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. 2 லிட்டர் எஞ்சின். வீட்டிலிருந்து ஜாலான் அம்பாங்கில் உள்ள அலுவலகத்துக்கு எட்டு கிலோமீட்டர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கார் மோசமானது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் பாதை அதற்கு ஏற்றதன்று.

இக்கால டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அது கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும், எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி வரை உயர்த்தி, அந்தக் கரியைச் சாம்பலாக்கும். இதற்கு, சீரான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டம் தேவை. செந்தூலிலிருந்து ஜாலான் துன் ரசாக் வழியாக ஊர்ந்து செல்லும் காருக்கு அந்த இருபது நிமிடம் எப்போது கிடைக்கும்? எரிப்பு தொடங்கும், நீங்கள் அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினை அணைத்துவிடுவீர்கள், மாலையில் மறுபடி தொடங்கும், வீட்டு வாசலில் மறுபடி அணையும்.

இப்படிப் பாதியில் நின்றுபோன ஒவ்வொரு முறையும், எரியாமல் மிஞ்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது. நான் பட்டறை நடத்திய காலத்தில் இப்படி ஒரு கார் வந்தது. ‘சர்வீஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது’ என்றார் உரிமையாளர். வடிகால் திருகைக் கழற்றினோம். ஆறரை லிட்டர் ஊற்றப்பட்ட எஞ்சினிலிருந்து ஏறக்குறைய எட்டு லிட்டர் தட்டில் விழுந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் எண்ணெயின் வழுவழுப்பு இல்லை, தண்ணீர்போல் ஓடியது, மண்ணெண்ணெய் விளக்கின் வாடை அடித்தது. அந்த எண்ணெயை நம்பித்தான் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சுழன்றுகொண்டிருந்தது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இங்கே விற்கப்படும் பி10 டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த உயிரி டீசல். சாதாரண டீசல், எஞ்சின் எண்ணெயில் கலந்தாலும் சூட்டில் ஓரளவு ஆவியாகிவிடும்; உயிரி டீசல் எளிதில் ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. ஐரோப்பியத் தர அளவு ஏழு விழுக்காடுதான் என்பதால், ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் இருபது சென் கூடுதலாகக் கொடுத்து ஏழு விழுக்காடே கலந்த யூரோ 5 பி7 டீசலை நிரப்புவதே நல்லது என்பேன்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): மகள் கோலாலம்பூரில் படிப்பதால் வாரந்தோறும் போய் வருகிறேன். 2024-இல் டீசல் மானியம் குறைக்கப்பட்ட பிறகும் டீசல் சொகுசுக் காரில் மிச்சம் உண்டா?

பதில்: டிபிஎஃப் உங்களைத் தொல்லைப்படுத்தாது, பிளஸ் நெடுஞ்சாலையில் அது தானாகவே சுத்தமாகிக்கொள்ளும். கணக்கை மட்டும் பார்ப்போம். ஒருவழித் தூரம் சுமார் 350 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 5.5 லிட்டர் குடிக்கும் டீசல் சலூனுக்கு 19 லிட்டருக்குச் சற்று மேல் தேவைப்படும். 2024 ஜூன் 10-க்கு முன், லிட்டர் 2.15 ரிங்கிட் என்ற விலையில் அது 41 ரிங்கிட். தீபகற்பத்தில் விலை 3.35 ரிங்கிட்டாக உயர்ந்த அன்று அதே பயணம் 64 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. அதே நாளில், நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காரை, லிட்டர் 2.05 ரிங்கிட் விலையிலான ரோன் 95 ரகப் பெட்ரோலைக் கொண்டு ஓட்டியிருந்தால் 57 ரிங்கிட்டில் முடிந்திருக்கும். ஒரே இரவில் சிக்கனம் கட்சி மாறிவிட்டது. விலை கூடிய ரோன் 97 ரகப் பெட்ரோலை மட்டுமே ஏற்கும் காராக இருந்தால் டீசல் அன்றும் முந்தியிருக்கும். ஆனால் அந்த வித்தியாசத்தை ஒரே ஒரு இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சும் ஊசி) பழுது விழுங்கிவிடும்.

சாலை வரியையும் பாருங்கள். தீபகற்பத்தில் தனியார் சலூன்களுக்கு அது கொள்ளளவைப் பொறுத்தே ஏறுகிறது: 1,995 சிசி எஞ்சினுக்கு 377 ரிங்கிட் 50 சென், 2,993 சிசி எஞ்சினுக்கு 2,112 ரிங்கிட் 50 சென். ஆகவே 3 லிட்டர் டீசலில் ஆசை இருந்தாலும் 2 லிட்டரோடு நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி (பங்சார் வாசகர்): பெரிய நிறுவனங்கள் டீசலைக் கைவிட்டதற்கு 2015 புகை மோசடிதானே காரணம்? அந்த அவப்பெயர் மறைந்ததும் டீசல் திரும்பாதா?

பதில்: மோசடி ஒரு காரணம்தான். சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைக் கார்களில் வைத்த வோக்ஸ்வேகன் விவகாரம் 2015 செப்டம்பரில் வெளிப்பட்டபோது, உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள் அதில் சிக்கியிருந்தன. ஆயினும் சொகுசுச் சந்தை உடனே பின்வாங்கவில்லை. அதற்கு மறு ஆண்டே பென்ட்லி தன் வரலாற்றின் முதல் டீசலை, 435 குதிரைத்திறனும் 900 நியூட்டன் மீட்டரும் கொண்ட பென்டெய்காவை அறிவித்தது. பிஎம்டபிள்யூ, நான்கு டர்போக்களைப் பொருத்திய 750டி காரை அதே 2016-இல் கொண்டுவந்தது. எனினும் 2018-இல் பென்ட்லி ஐரோப்பாவில் அந்த டீசலை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு போர்ஷே டீசலுக்கே விடை கொடுத்தது. 2020-இல் நான்கு டர்போ எஞ்சின் மறைந்தது. 2024-இன் தொடக்கத்தில் வோல்வோ தன் கடைசி டீசல் காரைக் கட்டி முடித்தது.

இந்த வரிசையை மோசடி என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது. சொகுசுக் கார் வாங்குபவர் டீசலிடம் விரும்பியது என்ன? மிதியைத் தொட்ட மாத்திரத்தில், எஞ்சின் அலறாமல், இரண்டு டன் எடையை அலுங்காமல் நகர்த்தும் அந்த அடிவேக இழுவை. இருபது ஆண்டுகளாக அவர்களை அந்தச் சுகத்துக்குப் பழக்கியது டீசல். 750டி தந்த உச்ச முறுக்குவிசை 760 நியூட்டன் மீட்டர். நம் கோலாலம்பூர் சாலைகளிலும் ஓடும் அதே நிறுவனத்தின் மின்சார ஐ7 எக்ஸ்டிரைவ்60 தருவது 745. எண்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஐ7-இல் அது சக்கரம் அசையும் முன்பே காத்திருக்கிறது, நடுக்கமும் புகையும் இல்லை, புகையைச் சுத்திகரிக்க யூரியா கரைசல் நிரப்பும் வேலையும் இல்லை. லெ மானில் ஆடி தன் டீசலோடு மின்மோட்டாரைச் சேர்த்ததை முதல் கேள்வியில் சொன்னேன் அல்லவா? அந்த மோட்டார் விருந்தாளியாக வந்து, கடைசியில் வீட்டையே எடுத்துக்கொண்டது.

கனத்த வாகனங்களில் இன்னும் சில காலம் டீசல் நிலைக்கும். டொயோட்டா லேண்ட் குரூசர் 300-இன் 3.3 லிட்டர் வி6 டீசலுக்கும், ரேஞ்ச் ரோவரின் 3 லிட்டர் டீசலுக்கும், நெடுந்தூரம் ஓட்டுபவர்களும் படகோ பாரவண்டியோ இழுப்பவர்களும் வாடிக்கையாளர்களாக இருக்கிறார்கள். மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் ஐரோப்பாவில் ஆறு சிலிண்டர் டீசலோடும் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சந்தை சுருங்கிவிட்டது: 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசல், 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எட்டில் ஒன்றுகூட இல்லை. அங்கே விற்காத எஞ்சினை நமக்காக எவரும் புதிதாக வடிவமைக்கப் போவதில்லை.

கேள்வி (பிறை வாசகர்): அப்பாவின் 1980-களின் மெர்சிடிஸ் 240டி வீட்டில் நிற்கிறது. விற்றுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நோய்கள் எதுவும் அதற்கு இல்லை. புகைக்கரி வடிகட்டியும் இல்லை, டர்போவும் இல்லை. வட மாநிலங்களுக்கு ஓடிய வெளியூர் டாக்சிகளில் பல இதே இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பின்னிருக்கையில் ஐந்தாவது ஆளாக நெருக்கி உட்கார்ந்து ஈப்போ போனவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வேகத்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்து எரிபொருள் குழாய்களின் ரப்பர், உயிரி டீசல் பட்டால் நாளடைவில் உப்பி மென்மையாகிக் கசியத் தொடங்கும். உயிரி டீசலைத் தாங்கும் குழாய்களை வாங்கி, பம்பு முதல் தொட்டி வரை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நெடுநாள் நின்ற தொட்டியின் அடியில் படிந்திருக்கும் கசடையும் புதிய டீசல் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், முதல் எரிபொருள் வடிகட்டியை ஐந்நூறு கிலோமீட்டரிலேயே கழற்றிப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றிவிட்டு, காரின் பின்பெட்டியில் இன்னொன்றை எப்போதும் வைத்திருங்கள்.