வலது கால் கொப்புளமும் கண்புரை ஆபரேஷனும்

மதுரையில் கண் மருத்துவராக இருக்கிறேன், வயது 46. வாரம் மூன்று நாள் ஆபரேஷன் தியேட்டர், மற்ற நாள் ஓபி, மாதம் இரண்டு ஞாயிறு கிராம முகாம். இதற்கு நடுவில் கோவாவில் அரை அயர்ன்மேன் (1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) இரண்டு முறை முடித்திருக்கிறேன். ஓட்டக் குழுவிலும் கல்லூரியிலும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

நேரம் எங்கிருந்து கிடைக்கிறது மேடம்? (ஹவுஸ் சர்ஜன், தஞ்சாவூர்)

நாலேகாலுக்கு எழுந்தால் ஆறரைக்குள் பயிற்சி முடிந்துவிடும். ஆனால் காலைச் சமையல் முழுவதும் என் மாமியார் கையில். அதைச் சொல்லாமல் நேர மேலாண்மை என்று உங்களுக்கு வகுப்பெடுத்தால் அது பொய். நீங்கள் நைட் டியூட்டி முடித்த அன்று ஓடாதீர்கள், தூங்குங்கள்.

ஆபரேஷன் செய்யும் கைக்கு சைக்கிள் கெடுதல் இல்லையா டாக்டர்? (சைக்கிள் குழு நண்பர், கோவை)

கெடுதல்தான், பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை 300 கி.மீ. பிஆர்எம் (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) போனேன். 20 மணி நேரக் கெடுவுக்குள் முடித்துவிட்ட பெருமையோடு வீடு திரும்பினேன். திங்கள் காலை தியேட்டரில் கையுறை மாட்டும்போது இடது சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துக் கிடந்தன. ஹேண்டில்பாரில் மணிக்கணக்காக உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டருகே அல்நார் நரம்பு நசுங்கும், அதன் விளைவு. கையுறையைக் கழற்றிவிட்டேன். அன்றைய ஒன்பது கேஸையும் சக டாக்டர் செய்தார்.

முந்தின நாளே தலைக்குக் குளித்துத் தயாராக வந்திருந்த பாட்டி ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மரத்துப் போச்சா? களையெடுத்தா எனக்கும் அப்படித்தான் தாயி" என்று என் விரலைப் பிடித்து நீவிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது ஹேண்டிலை உயர்த்திவிட்டேன், கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுகிறேன். அடுத்த மூன்று நாளில் ஆபரேஷன் இருந்தால் நீண்ட சைக்கிள் பயணம் கிடையாது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் தண்டாலும் இல்லை, கை நடுங்கும்.

மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்த ஊர் இது. அவருக்கு அது நோய். எனக்கு நானே தேடிக்கொண்டது.

கையை எல்லோரும் கேட்கிறார்கள், காலை யாரும் கேட்பதில்லை. கண்புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேகோ மெஷின் ஓடுவது வலது பாதத்தில். பெடலை லேசாக அழுத்தினால் தண்ணீர் வரும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உறிஞ்சும், அதற்கும் கீழே போனால் அல்ட்ராசவுண்ட் புரையை உடைக்கும். இடது காலில் மைக்ரோஸ்கோப் பெடல். நான் வெறுங்காலில்தான் மிதிப்பேன். வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் இருந்தால் அந்த மூன்று படிக்கும் வித்தியாசம் பிடிபடாது. அதனால் புது ஷூவை ஓபி மட்டும் இருக்கும் நாட்களில்தான் பழக்குவேன்.

கான்டாக்ட் லென்ஸோடு நீந்தலாமா அக்கா? (கல்லூரி மாணவி, மதுரை)

வேண்டாம்மா. குளமோ கிணறோ நீச்சல் குளமோ, தண்ணீரில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி இருக்கலாம். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே அது தங்கிவிட்டால் தாங்க முடியாத வலி, மாதக்கணக்கில் சொட்டு மருந்து, சிலருக்குக் கருவிழி மாற்று ஆபரேஷன் வரை போகும். பவர் வைத்த நீச்சல் கண்ணாடி கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்.

100 கி.மீ. ஓட்டத்தின் கடைசியில் கண் புகைமூட்டமாகிவிட்டது. வலி இல்லை. பயப்படணுமா? (ஐடி ஊழியர், சென்னை)

நீண்ட ஓட்டத்தில் சிலருக்குக் கருவிழியில் நீர் கோத்துக்கொள்ளும், லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை) செய்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெளிந்துவிடும். ஆனால் பாதை தெரியாமல் ஓடாதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். தெளியாவிட்டாலோ, மின்னல் வெட்டுவது போலவோ திரை விழுவது போலவோ தெரிந்தாலோ அது வேறு பிரச்சினை, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். ஓட ஆசைப்படுகிறார். (வங்கி ஊழியர், திண்டுக்கல்)

இதயப் பரிசோதனை முடித்துவிட்டு நடையில் ஆரம்பிக்கட்டும், அப்புறம் ஓட்டம். அப்படிப்பட்ட பயிற்சியில் கண் அழுத்தம் சற்றுக் குறையவே செய்யும். சிரசாசனம் கூடாது, அழுத்தம் இரட்டிப்பாகலாம். இறுக்கமான சின்ன நீச்சல் கண்ணாடியும் வேண்டாம். இன்னொன்று: அவர் போடும் சொட்டு டிமோலால் என்றால் அது இதயத் துடிப்பையும் குறைக்கும், ஆஸ்துமா இருந்தால் மூச்சு வாங்கும். வாட்ச் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்ட வேண்டாம். அதற்காகச் சொட்டை நிறுத்தவும் கூடாது.

வெயிலில் ஓடினால் கண்ணில் சதை வளருமா? (ஆசிரியர், ராமநாதபுரம்)

வெயில், காற்று, புழுதி மூன்றும் சேர்ந்தால் வளரும். தொப்பி, பக்கவாட்டையும் மூடும் கூலிங் கிளாஸ் போதும்.

கடலில் நீந்தப் பயமாக இல்லையா மேடம்? (மருத்துவ மாணவி, திருநெல்வேலி)

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் கிணற்றில், சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் பெரியப்பா தள்ளிவிட்டதுதான் என் பயிற்சி முகாம். கிணற்றில் நாலு கை போட்டால் படிக்கல் வந்துவிடும். கோவாவில் முதல் தடவை மிதவையைத் தாண்டியதும் கை தானாகக் கல்லைத் தேடியது.

அடுத்து முழு அயர்ன்மேனா?

3.8 கி.மீ. நீச்சல், 180 சைக்கிள், அப்புறம் முழு மாரத்தான். ஆசைதான். மகள் பத்தாவது படிக்கிறாள், அடுத்த வருஷம் கேளுங்கள்.