வங்கியில் இல்லாத 500 பவுண்டு: மருந்து வியாபாரிக்கு ஒரு சட்ட ஆலோசனை

(கேள்வி கற்பனை. இடம் இங்கிலாந்து, காலம் 1893 ஜூன். பதிலில் வரும் சட்டங்களும் வழக்குகளும் உண்மையானவை. அன்றைய சட்டப்படியே பதில்.)

கேள்வி: லீட்ஸ் நகரில் பதிவு பெற்ற மருந்துக்கடை நடத்துகிறேன். அப்பா காலத்து இருமல் மருந்தை 'பேட்டன்ட்' என்று லேபிள் ஒட்டி, புட்டி 1 ஷில்லிங் ஒன்றரை பென்னிக்கு விற்கிறேன். சுற்றுவட்டாரத்து மளிகைக் கடைகள் 40-க்கும் சரக்கு போகிறது. "நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம் குடித்தும் இருமல் நிற்காதவருக்கு 50 பவுண்டு தருவோம். இதற்கென 500 பவுண்டு வங்கியில் கட்டியிருக்கிறோம்" என்று போன குளிர்காலத்தில் பத்திரிகையிலும் புட்டி உறையிலும் அச்சிட்டோம். வாசகத்தை எழுதியவர் விளம்பர ஏஜென்ட். வங்கியில் தனியாகப் பணம் எதுவும் கட்டவில்லை. இப்போது ஒரு பெண்மணி 50 பவுண்டு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். மருந்தோடு பிராந்தியும் குடித்தவர் அவர். இரண்டாவது புட்டியை இலவசமாகவே கொடுத்தேன், அந்த நன்றிகூட இல்லை. "பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது, உங்களைப் போன்றவர்களுக்கு அல்ல. வேண்டுமானால் தினமும் கடைக்கு வந்து என் கண்முன்னே குடித்துக் காட்டுங்கள்" என்று பதில் எழுதிவிட்டேன். இதற்கிடையில் எதிர்க்கடைக்காரர் என் மருந்தின் பெயரையே வைத்து விற்கிறார். அந்தப் பெண், ஏஜென்ட், எதிர்க்கடைக்காரர் மூவர் மீதும் வழக்குப் போட வேண்டும். பத்திரிகையிலும் அந்தப் பெண்ணின் வண்டவாளத்தைப் போட நினைக்கிறேன்.

பதில்: ஐயா, நன்றி, பிராந்தி, அப்பாவின் நற்பெயர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால் உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "வங்கியில் தனியாகப் பணம் எதுவும் கட்டவில்லை." இதை எனக்கு எழுதியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் காப்பியடித்த விளம்பரம் எது என்று பார்த்ததுமே தெரிகிறது. 1891 நவம்பரில் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற, மூக்கால் உறிஞ்சும் மருந்துப் பந்தை விற்கும் கம்பெனி பால் மால் கெஜட் பத்திரிகையில் போட்டது. பந்தை முறைப்படி உறிஞ்சியும் இன்ஃப்ளூயன்சா வந்தவருக்கு அவர்கள் 100 பவுண்டு பரிசு சொன்னார்கள், ரீஜன்ட் தெரு அலையன்ஸ் வங்கியில் 1000 பவுண்டு கட்டியிருப்பதாகவும் சொன்னார்கள். திருமதி கார்லில் அந்த மாதம் 20-ஆம் தேதி ஒன்றை வாங்கி, நாளுக்கு மூன்று முறை உறிஞ்சி, 1892 ஜனவரி 17 அன்று இன்ஃப்ளூயன்சாவில் படுத்தார். கணவர் வக்கீல் என்பதைக் கம்பெனி கவனிக்கவில்லை. ஹாக்கின்ஸ் நீதிபதியிடம் தோற்றுப் போன கம்பெனி அப்பீல் செய்தது. போன டிசம்பர் 7 அன்று லிண்ட்லி, போவன், ஏ.எல்.ஸ்மித் மூவரும் சேர்ந்து அதையும் தள்ளிவிட்டார்கள். வெறும் ஜம்பம், ஊர் முழுவதற்கும் எப்படி ஒப்பந்தம், ஏற்றுக்கொண்டதாக அவர் தெரிவிக்கவே இல்லையே, இது பந்தயம், இல்லை காப்பீடு என்று வக்கீல்கள் எடுத்த அத்தனை வாதமும் விழுந்தது. உங்களுக்காக இவற்றில் எதையும் மறுபடி தூக்க முடியாது. ஜம்பம் என்ற வாதத்தை அடித்தது குறிப்பாக அந்த வங்கி வரிதான். பணத்தைக் கட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னவன் விளையாட்டாகச் சொன்னான் என்று எந்த நீதிபதி நம்புவார்?

பிராந்தி விஷயம் உதவாது. புட்டியோடு வந்த குறிப்பில் "மது கூடாது" என்று அச்சிட்டிருந்தால் வேறு. ஏஜென்ட் எழுதினார் என்பதும் உதவாது. புரூஃப் பார்த்து, காசு கொடுத்து, உங்கள் பெயரில் வெளியிட்டது நீங்கள். "கண்முன்னே குடித்துக் காட்டு" என்பதும் புதிதல்ல. ஸ்மோக் பால் கம்பெனி கார்லில் வீட்டுக்கு அதேபோல, தினமும் ஆபீசுக்கு வந்து உறிஞ்ச வேண்டும் என்று எழுதியது. விளம்பரத்தில் இல்லாத நிபந்தனையை, எதிராளி தன் பங்கைச் செய்து முடித்த பிறகு சேர்க்க முடியாது. பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதினால் 50 பவுண்டு வழக்கோடு அவதூறு வழக்கும் வரும். அதோடு அந்தப் பேச்சை விடுங்கள்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். ஸ்மோக் பால் கம்பெனிக்கு இல்லாத ஒரு கஷ்டம் உங்களுக்கு இருக்கிறது.

கோரிக்கை 50 பவுண்டு, ஆகவே வழக்கு உங்கள் ஊர் கவுன்டி கோர்ட்டிலேயே நடக்கும். இரு தரப்பில் யார் கேட்டாலும் ஐந்து பேர் ஜூரி உட்காரும். உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் உட்காருவார். அந்தப் பெண்மணி சத்தியம் செய்து "மூன்று வேளை குடித்தேன், இருமல் நிற்கவில்லை" என்றால் போதும், அதுவே சாட்சியம். மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? அதன் பிறகு உங்களைக் கூண்டில் ஏற்றி, அவர் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி: "500 பவுண்டு எந்த வங்கியில் இருக்கிறது?" இருக்கிறது என்றால் பொய்ச் சத்தியம். இல்லை என்றால் ஒப்பந்த வழக்கு அந்த இடத்திலேயே மோசடியாக மாறும்.

இந்த இடத்தில்தான் கட்சிக்காரர்கள் சறுக்குகிறார்கள். "மருந்து குணப்படுத்தும் என்று ஊரே சொல்கிறது, நானும் சொன்னேன், அதற்கு ஜெயிலா?" என்கிறார்கள். அதற்கு ஜெயில் இல்லை. சரக்கின் தரத்தைப் பெரிதாகப் பேசுவது 1861 திருட்டுச் சட்டத்தின்படி பொய்க்கூற்றால் பணம் பெறும் குற்றம் ஆகாது. 1857-இல் பிரையன் வழக்கில் முலாம் பூசிய கரண்டிகளை எல்கிங்டன் கம்பெனியின் முதல் தரத்துக்குச் சமம் என்று சொல்லி அடகு வைத்தவனின் தண்டனையைக்கூட நீதிபதிகள் ரத்து செய்தார்கள். ஆனால் வங்கியில் இவ்வளவு பணம் கிடக்கிறது என்பது அபிப்பிராயம் அல்ல. ஒன்று இருக்க வேண்டும், அல்லது இல்லை. இல்லை என்று தெரிந்தே அச்சிட்டு, அதை நம்பி ஒருவர் காசு கொடுத்தால் அந்தச் சட்டம் உங்கள் மேல் பாயும். குற்ற வழக்காகிவிட்டால், இன்றைய நடைமுறையில் குற்றம் சாட்டப்பட்டவர் தமக்காகத் தாமே சாட்சி சொல்லவும் முடியாது. இந்த லட்சணத்தில் "பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது" என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேறு அவர் வக்கீலின் மேசையில் இருக்கிறது.

புட்டியையும் நீதிமன்றத்தில் தூக்கிக் காட்டுவார்கள். லேபிளில் 'பேட்டன்ட்' என்கிறீர்கள். பேட்டன்ட் வாங்கியிருக்கிறீர்களா? ஊரில் இந்தப் பெயரில் விற்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. அரசு முத்திரை வில்லையை ஒட்டி விற்பதையே மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். 1 ஷில்லிங் புட்டிக்கு மேல் நீங்கள் வாங்கும் ஒன்றரை பென்னி அந்த வில்லைக்கான வரி, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 1883 பேட்டன்ட், வணிகக்குறிச் சட்டத்தின் 105-ஆம் பிரிவில், பேட்டன்ட் பெறாத பொருளைப் பெற்றதாகக் காட்டினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 5 பவுண்டு வரை அபராதம். அரச சின்னமான சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் அனுமதியின்றி லேபிளில் இருந்தால் அடுத்த பிரிவு 20 பவுண்டு வரை கேட்கும்.

இதைவிடப் பெரியது உள்ளே இருப்பது. இருமல் மருந்து என்றால் அபின் டிங்ச்சரோ கசகசாத் தோல் சாறோ சேர்ப்பது இந்த நாட்டில் சகஜம். உங்களுடையதிலும் இருந்தால், 1868 மருந்துச் சட்டப்படி புட்டியில் 'விஷம்' என்ற சொல்லும், பொருளின் பெயரும், விற்பவர் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். முதல் தடவை 5 பவுண்டு வரை, அடுத்த தடவை 10. பேட்டன்ட் மருந்துக்கு விலக்கு உண்டே என்று இதுவரை எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். குளோரோடைன் என்ற, அபின் சத்து கலந்த மருந்து சம்பந்தமான பைப்பர் வழக்கில் இந்த ஆண்டு அந்தக் கதவு சாத்தப்பட்டது: உண்மையிலேயே பேட்டன்ட் பெற்றதற்கு மட்டுமே விலக்கு. நீங்கள் பதிவு பெற்றவர், விஷ லேபிள் ஒட்டி விற்றுக்கொள்ளலாம். 40 மளிகைக்காரர்களும் விற்க முடியாது. 50 பவுண்டைக் காப்பாற்றப் போய், குறுக்கு விசாரணையில் "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்ற ஒரே கேள்விக்கு உங்கள் மொத்த வியாபாரத்தையும் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். நான் சொல்வது யோசனை அல்ல, வேறு வழி இல்லை.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை உண்டு. இனி நீங்கள் நேரடியாக ஒரு வரிகூட எழுதக் கூடாது. வக்கீல் எழுதும் கடிதத்தின் தலையில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று இருந்தால்தான், பேச்சு முறிந்தாலும் அந்தத் தொகையை வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. 30 பவுண்டும் இதுவரை ஆன வக்கீல் செலவும் என்று ஆரம்பிக்கலாம். 40, 45 என்று கேட்டாலும் கொடுங்கள். முழு 50-ஐயே பிடித்தால் அதையும் கொடுங்கள். ரசீது அந்தப் பெண்மணியின் கையெழுத்தில் வேண்டும், கணவர் கையெழுத்துப் போதாது. 1882 திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் கோரிக்கை அவருடையது, அவர் பெயரிலேயே வழக்குப் போடலாம். கணவரிடம் பணத்தைக் கொடுத்து அவர் கையெழுத்தோடு திரும்பி வந்தால், மனைவி மறுபடி கேட்கலாம். 2 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள ரசீது என்பதால் ஒரு பென்னி வில்லை ஒட்ட வேண்டும். "விளம்பரத்தின் கீழும் மருந்து வாங்கியது சம்பந்தமாகவும் எழும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுத் தீர்வாக" என்ற சொற்கள் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் பயத்தில் ஒரு வரி சேர்ப்பவர்கள் உண்டு: "இனி போலீசிலோ மாஜிஸ்திரேட்டிடமோ புகார் செய்ய மாட்டேன்." அதைச் சேர்க்கவே கூடாது. குற்ற வழக்கை அமுக்குவதற்காகப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. செல்லாது என்பதோடு நிற்காமல், அது உங்கள் மேல் புதிய சந்தேகத்தையும் எழுதிக் கொடுத்தது போலாகும். பேச்சிலும் அதை எடுக்காதீர்கள். உங்கள் வக்கீலும் எடுக்கக் கூடாது.

ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவர் வருவாரே என்றால், வருவார். பத்திரிகை விளம்பரத்தை நிறுத்தியதால் வாக்குறுதி செத்துவிடாது. மளிகைக் கடை அலமாரியில் பழைய உறையோடு நிற்கும் ஒவ்வொரு புட்டியும் அதே வாக்குறுதியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த வாரமே ஆள் விட்டு அவற்றைத் திரும்ப எடுங்கள், உறையை உரித்து எரியுங்கள். வாபஸ் வாங்கிய அறிவிப்பை, விளம்பரம் வந்த அதே பத்திரிகைகளில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஏற்கனவே குடிக்க ஆரம்பித்துவிட்டவர்களை அது தடுக்காது. அவர்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைப்பது நல்லது. இந்தத் தடவை நிஜமாகவே.

மறுபடி பரிசு அறிவிக்க ஆசை இருந்தால், தோற்ற கம்பெனியே பாடம் எடுத்திருக்கிறது. பிப்ரவரியில் அவர்கள் பரிசை 200 பவுண்டாக்கிப் போட்ட விளம்பரத்தைப் படியுங்கள். ஜனவரி 1-க்குப் பிறகு வாங்கியவர்களுக்கு மட்டும், மார்ச் 31 வரை மட்டும், நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கி, சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே கையெழுத்திட்டு லண்டன் ஆபீசில் ஒப்படைத்தால் மட்டும். பழைய பரிசை மூன்றே பேர் கேட்டார்கள், எனவே மருந்து பலிப்பது நிச்சயம் என்று அதிலேயே பெருமை வேறு! துணிச்சல்தான். உங்களுக்கு அதுவும் வேண்டாம் என்பேன். பரிசே சொல்லாமல் விளம்பரம் செய்ய முடியும். பீச்சம் மாத்திரைப் பெட்டியின் விலையும் 1 ஷில்லிங் ஒன்றரை பென்னிதான், "பெட்டி ஒரு கினி பெறும்" என்று ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். எத்தனை பெரிய பேச்சு, ஆனால் யாருக்கும் எதுவும் தருவதாக அதில் ஒரு சொல் இல்லை. வழக்குப் போட அங்கே பிடி கிடையாது.

எதிர்க்கடைக்காரர் பக்கம் வருவோம். பெயரைக் காப்பியடித்தால் தடையுத்தரவு கிடைக்கும். தாமஸ் ஹாலோவே 1850-இல் சொந்தத் தம்பி ஹென்றி மீதே வாங்கினார், அதே ஸ்ட்ராண்ட் தெருவில் தம்பி மாத்திரையும் களிம்பும் விற்றதற்காக. ஆனால் சமநீதி கேட்டு வருபவரின் கை சுத்தமாக இருக்க வேண்டும். 1842-இல் பெர்ரி என்பவர் தம் மெக்சிகன் தைலத்தின் பெயரைக் காக்க டிரூஃபிட் மீது வழக்குப் போட்டபோது, சூத்திரம் அறிஞர் புளூமன்பாக்கிடமிருந்து வந்தது என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தது பொய் என்று தெரிந்தது. நீதிபதி லாங்டேல் பிரபு தடையுத்தரவு தர மறுத்தார். இல்லாத பேட்டன்டும் இல்லாத 500 பவுண்டும் உள்ள லேபிளோடு நீங்கள் அந்தப் படியேறினால் கதி இதுதான், அதோடு உங்கள் விளம்பரம் முழுவதும் எதிராளியின் பிரமாணப் பத்திரத்தில் ஏறி நிரந்தரப் பதிவாகிவிடும். லேபிளைத் திருத்தி, புதிய லேபிளோடு சில மாதம் விற்று, பெயரை அதே 1883 சட்டத்தின் 1888 திருத்தத்தின்படி புனைந்த சொல்லாக வணிகக்குறியில் பதிய முடியுமா என்று பாருங்கள். அதன் பிறகு வேண்டுமானால் அவருக்கு நோட்டீஸ் அனுப்பலாம்.

ஏஜென்டிடமிருந்து ஒரு பென்னி வராது. அடுத்த விளம்பரத்துக்கு வேறு ஆளைப் பிடியுங்கள், புரூஃபை அச்சுக்குப் போகும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் கட்டணம் ஒரு கினிகூட ஆகாது.