டொயிலிக்கு யார் சொன்னது? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

வேலூரில் பாலாற்றங்கரை முத்துமண்டபத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் சமாதி அங்கேதான் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்கு வந்து அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். எங்கே பார்த்தாலும் கொடுங்கோலன், சொந்தக் குடிகளே வெறுத்தவன் என்றுதான் இருக்கிறது. ஜான் டொயிலி என்ற ஆங்கில அதிகாரி ஒற்றர்களை வைத்தே கண்டியைக் கவிழ்த்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள். டொயிலியின் உளவு அவ்வளவு துல்லியமானதா? அரசர் அவ்வளவு கொடியவர்தானா?

ஆர்., வேலூர்

அன்புள்ள ஆர்.,

அரசரைப் பற்றி நீங்கள் படித்ததில் பெரும்பகுதி டொயிலிக்கு வந்து சேர்ந்த தகவல்களிலிருந்து உருவானது. ஆகவே அவருக்கு யார் சொன்னார்கள் என்று பார்த்தால் உங்கள் இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் கிடைக்கும்.

1796-ல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. நடுவே மலையும் காடுமாகக் கண்டி ராஜ்யம். அதற்குக் கடல் கிடையாது. உப்பு கீழே இருந்துதான் ஏற வேண்டும், பாக்கு கீழே இறங்கித்தான் விலைபோக வேண்டும். எல்லையில் எத்தனை காவல் போட்டாலும் இந்தப் போக்குவரத்தை அடைக்க முடியாது. ஆள் வந்தால் செய்தியும் வரும்.

ஆங்கிலேயர் முதலில் பார்த்தது படைபலத்தை. 1803-ல் கண்டிக்குள் நுழைந்து, முத்துசாமி என்ற நாயக்க இளவரசரை அரியணையில் உட்கார வைத்தார்கள். சில மாதங்களில் காய்ச்சலில் பாதிப் படை படுத்துவிட்டது. மிச்சமிருந்தவர்கள் சரணடைந்து கொல்லப்பட்டார்கள். முத்துசாமியும் தப்பவில்லை. தளபதி மேஜர் டேவி கைதியாகக் கண்டியில் கிடந்து அங்கேயே இறந்தார். அதற்கு அப்புறம்தான் கொழும்புக்குப் பொறுமை வந்தது. அந்தப் பொறுமைக்கு உரியவராக வாய்த்தவர் டொயிலி.

1801-ல் இலங்கைக்கு வந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். மாத்தறையில் வேலை பார்த்தபோது கரதொட்ட தம்மாராம என்ற பெரிய பிக்குவிடம் சிங்களம் கற்றார். செய்யுளை ரசிக்கும் அளவுக்கு மொழி பிடிபட்டது. கஜமன் நோனா என்ற பெண்கவி தன் வறுமையைப் பாட்டாகவே எழுதி அவரிடம் விண்ணப்பித்து நிலம் பெற்றார் என்பது சிங்கள இலக்கியத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பதவி என்னவோ தலைமை மொழிபெயர்ப்பாளர்தான். கண்டி விவகாரம் முழுவதும் அவர் மேசை வழியாகத்தான் போயிற்று.

அவருடைய நாட்குறிப்பு 1917-ல் அச்சானது. 1810 முதல் 1815 வரை. கதை படிப்பதுபோல அதைப் படிக்க முடியாது. ஒரு மளிகைக்கடைப் பேரேடு மாதிரி இருக்கும். இன்னார் வந்தார், இன்னாரிடம் கேட்டதாகச் சொன்னார், அரசர் இன்ன ஊரில் இருக்கிறாராம், இன்ன திசாவை (மாகாணத் தலைவர்) மேல் கோபமாம். வருகிறவர்கள் பிக்குகள், பாக்கு வியாபாரிகள், முஸ்லிம் வணிகர்கள், மலையிலிருந்து தப்பி வந்தவர்கள். பலருக்கு இன்னொருவர் சொன்னதுதான் தெரியும். அவர்களோடு ஓலைகளும் வரும். இப்படிக் கீழ்மட்டத்திலிருந்து வந்த செய்தியில் பொய்யும் மெய்யும் கலந்திருந்தது. டொயிலிக்கும் அது தெரியும், பொறுமையாக ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்தார்.

ஆனால் அவர் உண்மையில் நம்பியிருந்தது மேல்மட்டத்தை. அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

மதுரை நாயக்கர் உறவில் வந்த குடும்பம் 1739 முதல் கண்டியை ஆண்டது. சிங்களப் பிரதானிகள் தங்களுக்குள் ஒருவரை அரசனாக ஏற்க மாட்டார்கள். எல்லோரும் சமம் என்ற கௌரவம் அவர்களுக்கு. வெளியே இருந்து வந்த க்ஷத்திரிய ரத்தம் என்றால் சரி. 1798-ல் பதினெட்டு வயதுக் கண்ணுசாமியை, அதாவது பிற்பாடு ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் ஆனவரை, அரியணை ஏற்றியவர் முதல் அதிகார் (தலைமை அமைச்சர்) பிலிமத்தலாவை. பையன் சொன்னபடி கேட்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பையன் கேட்கவில்லை. ஏற்றிவிட்ட கொஞ்ச நாளிலேயே ஆளுநர் நார்த்திடம் ரகசியமாகப் பேசத் தொடங்கிவிட்டார் பிலிமத்தலாவை. 1811-ல் அரசர் அவர் தலையை வாங்கினார். அடுத்து வந்த எகலப்பொலவும் டொயிலியோடு தொடர்பு வைத்தார். 1814-ல் சப்ரகமுவாவில் கலகம் செய்து, தோற்று, ஆங்கிலேயர் பக்கம் ஓடினார். பிரதானிகள் மாகாணத்துக்குப் போகும்போது குடும்பத்தைக் கண்டியில் விட்டுப் போக வேண்டும், அதுதான் பிணை. எகலப்பொலவின் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அவர் இடத்துக்கு வந்த மொல்லிகொடவும் டொயிலியுடன் பேசிக்கொண்டுதான் இருந்தார். தன் குடும்பம் அரசர் கையிலிருந்து விடுபடும்வரை காத்திருந்து, படை கண்டியை நெருங்கியபின் வெளிப்படையாகக் கட்சி மாறினார்.

அடுத்தடுத்து மூன்று முதல் அதிகார்கள். மூவருக்கும் அரசர் விழ வேண்டும். அரசரைப் பற்றி டொயிலிக்குக் கிடைத்த மிக உயர்ந்த தகவல் இவர்கள் தரப்பிலிருந்து வந்தது. அரசர் எங்கே தூங்கினார், யாரிடம் பேசினார் என்பதில் அது துல்லியம். நாடு அரசரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதில்? தன் மனதில் இருப்பதைத்தானே அவர்கள் நாட்டின் மனம் என்று சொல்லியிருப்பார்கள்.

1814 நவம்பரில் ஆங்கிலேயர் எல்லையிலிருந்து போன பத்து வியாபாரிகளை ஒற்றர்கள் என்று பிடித்து மூக்கும் காதும் கையும் வெட்டி அனுப்பினார்கள். ஏழு பேர் வழியிலேயே இறந்தார்கள். வியாபாரிகள் வழியாகத்தான் டொயிலிக்குச் செய்தி போனது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். தண்டனையை நியாயப்படுத்த முடியாது, சந்தேகத்தைப் புரிந்துகொள்ள முடியும். ஆளுநர் பிரவுன்ரிக்குக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 1815 ஜனவரியில் அறிக்கை விட்டார்: போர் கண்டி மக்கள் மேல் அல்ல, அரசர் மேல் மட்டும். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. பிப்ரவரி 18-ல் மெதமகாநுவரை அருகே அரசர் பிடிபட்டார். அந்த அளவில் டொயிலியின் உளவுக்கு முழு மதிப்பெண் போடலாம்.

மார்ச் 2-ல் வாசிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தத்தில், அரசரின் கொடுமைகளைச் சொல்லி அவரையும் அவர் வம்சத்தையும் நிரந்தரமாக விலக்கினார்கள். அவருடைய ஆண் உறவினர்கள் அத்தனை பேரும், உறவினர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்கூட, அரசின் எதிரிகள். அனுமதியில்லாமல் நுழைந்தால் ராணுவச் சட்டப்படி தண்டனை. 'மலபார்' ஆட்சியை மக்கள் வெறுத்தார்கள் என்ற பிரதானிகளின் வாதம் சட்டமாகவே ஆகிவிட்டது. (தென்னிந்தியர்களை அன்றைய ஆங்கிலேயர் அப்படித்தான் குறிப்பிட்டார்கள்.)

இரண்டரை வருடம் போயிற்று. 1817-ல் ஊவாப் பக்கம் காட்டுக்குள் ஓர் ஆள் தோன்றி, நான்தான் அரசன் என்கிறார். விசாரிக்கப் போன உதவி ரெசிடென்ட் (ஆங்கில அரசின் பிரதிநிதிக்கு உதவியாளர்) வில்சன் அம்பு பட்டுச் செத்தார். அடக்க அனுப்பப்பட்ட கெப்பட்டிப்பொல, எகலப்பொல மனைவியின் கூடப் பிறந்தவர், படையோடு போய்க் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். மலைநாட்டின் பெரும்பகுதி எழுந்தது. மதராசிலிருந்து படை வரவழைத்து, ஊர்களைக் கொளுத்தி, 1818 முடிவில்தான் அடக்க முடிந்தது. இத்தனைக்கும் டொயிலி அப்போது கண்டியிலேயே ரெசிடென்டாக உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அந்த ஆள் சொல்லிக்கொண்ட பெயர். துரைசாமி. நாடுகடத்தப்பட்ட அரசரின் உறவினராம்! உண்மையில் அவர் வில்பாவே என்ற சிங்களர், முன்னாள் பிக்கு. மக்கள் நாயக்கர்களை அறவே வெறுத்தார்கள் என்பது உண்மையானால், ஒரு சிங்களர் மக்களைத் திரட்ட நாயக்கர் வேஷம் எதற்குப் போட வேண்டும்? டொயிலியின் பேரேட்டில் இதற்குப் பதில் இருக்காது, ஏனென்றால் அந்தக் கேள்வியை அவர் கேட்ட ஆட்களுக்கு அதைச் சொல்வதில் லாபம் இல்லை.

அரசர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. எகலப்பொல குடும்பக் கொலை நடந்தது. கண்டி ஏரியை வெட்ட மக்களைக் கட்டாய ஊழியத்துக்கு இழுத்ததில் கசப்பு இருந்தது. ஆனால் குழந்தைகளின் தலையை உரலில் போட்டு இடிக்கவைத்தார் என்ற விவரத்தை நம் வரைக்கும் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜான் டேவி (மேஜர் டேவி வேறு), 1821-ல் எழுதிய நூலில். அவர் இலங்கைக்கு வந்ததே 1816-ல். அவருக்குச் சொன்னவர்கள் யாராக இருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. 1818-ல் ஆங்கிலேயர் கெப்பட்டிப்பொல தலையை வெட்டி, மண்டையோட்டை ஆராய்ச்சிக்கென்று எடின்பரோவுக்கு எடுத்துப் போனார்கள். அதைச் செய்தவர்களை யாரும் கொடுங்கோலர் என்று எழுதவில்லை.

எகலப்பொலவுக்கு அரியணை கிடைக்கவில்லை. 'பிரிட்டிஷ் அரசின் நண்பர்' என்ற பட்டம் கிடைத்தது. கலகத்தின்போது அந்த நண்பரையே சந்தேகத்தில் பிடித்து வைத்தார்கள், 1825-ல் மொரீஷியசுக்கு அனுப்பினார்கள்.

நாட்குறிப்பு இணையத்தில் எங்காவது கிடைக்கும். முழுவதும் படிக்க வேண்டாம், சலித்துவிடும். 1814-ஆம் ஆண்டுப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் பெயரையும் அவருக்கு அரசரிடம் என்ன கணக்கு பாக்கி என்பதையும் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

அன்புடன்.